படி மூன்று: ஒரு டீ குடியுங்கள்

டாக்டர் என்றதும் ஊசி மருந்தெல்லாம் நினைக்க வேண்டாம். அவர் வாஷிங்மெஷின் ரிப்பேர் செய்பவர். மெஷினின் பக்கத் தகட்டில் காதை ஒட்டி, கண்ணை மூடி, உள்ளே என்ன கோளாறு என்று கண்டுபிடித்துவிடுவார் என்பதற்காகத் தெருவில் யாரோ விளையாட்டாக வைத்த பெயர். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அந்தக் கணக்கில் அவர் மனைவி டாக்டரம்மா ஆனாள். படிக்காமல் கொள்ளாமல் வந்த பட்டம் என்று அவளே கேலி செய்துகொள்வாள். ஆனால் யாராவது அப்படிக் கூப்பிட்டால் கொஞ்சம் மெதுவாகத்தான் திரும்புவாள், இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று.

டாக்டருக்குக் கை பேசும், வாய் பேசாது. கூப்பிட்ட வீட்டுக்குப் போவார், மெஷினுக்குப் பின்னால் குந்துவார், முடித்துவிட்டு வந்துவிடுவார். மனிதர்களோடு பேச வேண்டியதெல்லாம் டாக்டரம்மாவின் தலையில். முன்னறையில் ஜன்னலோரம் ஒரு மேஜை, அதன்மேல் அவள் செல்போன், வயதான ஒரு கம்ப்யூட்டர், ஒரு பக்கமாகச் சாய்ந்துபோன சுழல் நாற்காலி. போன் அடித்தால் மூன்றாவது மணிக்குள் எடுத்து, "சொல்லுங்க, என்ன பிரச்சினை?" என்பாள். அந்தக் கேள்விக்கு ஊரே அவளிடம் பதில் சொல்லியிருக்கிறது. மெஷின் பிரச்சினையைச் சொல்ல ஆரம்பித்து மாமியார் பிரச்சினையில் முடித்தவர்களும் உண்டு.

இந்த நாற்காலிக்கு முன்பு அவள் நிலைமை வேறு. வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலில் நின்று அவள் முகத்தைப் பார்த்தே, "வீட்ல யாரும் இல்லையா?" என்று கேட்பார்கள். அவளும், "இல்லைங்க" என்று சொல்லி அனுப்புவாள். அப்படிப் பல வருஷம் ஓடியது. அதனால் அந்த நாற்காலி அவளுக்கு வெறும் நாற்காலி இல்லை.

அந்த மேஜை மேல் இருந்த போன்தான் இப்போது அடிப்பதை நிறுத்திவிட்டது.

ஒரேயடியாக நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் கடன் தருகிறோம் என்கிறவர்களும், தப்பான எண்ணைப் போட்டவர்களும் மட்டும் மிஞ்சினார்கள். தப்பான எண்ணைப் போட்டவர்களிடமும் அவள், "உங்க வீட்டு மெஷின் நல்லா ஓடுதா?" என்று கேட்டுப் பார்த்தாள். நன்றாக ஓடுவதாகச் சொன்னார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதலில் அவள் போனைச் சந்தேகப்பட்டாள். டாக்டர் அதைப் பிரித்து, துடைத்து, மூடிக் கொடுத்தார். அப்புறம் வெப்சைட்டைச் சந்தேகப்பட்டாள். நெட்டில் தேடிப் பார்த்தாள். முதல் இடத்திலேயே அவர்கள் வெப்சைட் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. காலையில் பார்த்தாள், மத்தியானம் பார்த்தாள், சமையலுக்கு நடுவில் பார்த்தாள். எப்போது பார்த்தாலும் முதல் இடம். இப்படி முதலில் நின்றும் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை என்றால் ஊரில் துணி துவைப்பதையே விட்டுவிட்டார்களா என்ன?

தம்பியைக் கூப்பிட்டாள். கூடப் பிறந்த தம்பி. சின்னக் கடைகளின் வெப்சைட்டுகளைத் தேடலில் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது அவன் தொழில். அந்தத் தொழிலில் அவனுக்கு இருந்த முதல் வாடிக்கையாளர் அவன் அக்கா, இலவச வாடிக்கையாளர். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவன் நிதானமாகச் சொன்னான்.

"அக்கா, அது உன் போன். நீ தினமும் அதையே தேடித் தேடிப் பார்க்குற இல்ல, அதனால உனக்குப் பிடிக்குமேன்னு உன்னோடதை முதல்ல காட்டுது. மத்தவங்க போன்ல நீ எங்கயோ கீழ கெடக்குற."

டாக்டரம்மா சற்று நேரம் போனையே பார்த்தாள். அவள் மனம் கோணக்கூடாது என்று இத்தனை அக்கறையாக அந்த வீட்டில் வேறு யாரும் நடந்துகொண்டதில்லை.

தம்பியைக் குறை சொல்ல முடியாது. அவன் சொன்னதையெல்லாம் அவள் செய்தாள், அவனும் அந்தந்தக் காலத்துக்குச் சரியானதைத்தான் சொன்னான். தேடுபொறிக்காரர்கள்தான் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சட்டத்தை மாற்றினார்கள். மாற்றுவதற்கு முன்னால் இவர்களை ஒரு வார்த்தை கேட்பதில்லை. முதல் காலத்தில், தேடுகிற வார்த்தை பக்கத்தில் எத்தனை தடவை வருகிறதோ அத்தனை நல்லது என்றான். அவளும் எழுதினாள்: "வாஷிங்மெஷின் ரிப்பேருக்கு எங்கள் வாஷிங்மெஷின் ரிப்பேர் கடையின் வாஷிங்மெஷின் ரிப்பேர்காரரை வாஷிங்மெஷின் ரிப்பேருக்காக அழையுங்கள்." அதைப் படித்த டாக்டருக்கு இருமல் வந்தது. ஆனால் போன் அடித்தது. அப்புறம் அப்டேட் என்று ஒன்று வந்தது, அப்படி எழுதுகிறவர்களுக்குத் தண்டனை என்றார்கள். எல்லாவற்றையும் அழித்தாள்.

அடுத்து, பக்கம் நீளமாக இருக்க வேண்டும் என்றார்கள். மனிதன் முதன்முதலில் துணி உடுத்திய காலத்தில் ஆரம்பித்து, ஆற்றங்கரை, கல், சோப்பு என்று அவள் எழுதிக்கொண்டே போனாள். அழுக்குத் துணியோடு நிற்கிறவன் மெஷின் என்ற சொல்லைக் கண்ணால் பார்ப்பதற்குள் துணி தானாகவே மக்கிப் போய்விடும். அதற்கும் போன் அடித்தது. மறுபடியும் அப்டேட். வளவள என்று எழுதியவர்களைப் பின்னால் தள்ளினார்கள். வெட்டிச் சுருக்கினாள். பிறகு, எழுதியது அனுபவமுள்ள ஆள்தான் என்று காட்டப் படம் போடச் சொன்னார்கள். டாக்டரை நிற்க வைத்துப் படம் எடுத்துப் போட்டாள். போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருந்தார். பிறகு, பக்கம் சட்டென்று திறக்க வேண்டும், படங்கள் சுமை என்றார்கள். டாக்டர் படத்தோடு சேர்த்து மற்ற படங்களையும் தூக்கினாள். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

இத்தனை களேபரத்திலும் ஒரு பக்கத்தில் மட்டும் அவள் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. "மெஷினிலிருந்து தண்ணீர் வெளியே போகவில்லையா?" என்ற பக்கம். வெப்சைட்டுக்காக அவள் எழுதிய முதல் பக்கம் அது. பின்னறையில் ஒரு மெஷினுக்குப் பின்னால் குந்திக்கொண்டு டாக்டர் வேலை செய்ய, முன்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில் அவள் உட்கார்ந்து, அவர் வாயிலிருந்து விழுந்ததை விழ விழ எழுதினாள். அவர் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி அவள் அதற்கு முன் கேட்டதில்லை. படி ஒன்று, பிளக்கைப் பிடுங்குங்கள். படி இரண்டு, மெஷினைச் சுவரிலிருந்து ஒரு முழம் முன்னால் இழுங்கள். படி மூன்று, டிரம்மில் இருக்கும் தண்ணீர் அடங்கப் பத்து நிமிடம் ஆகும், அதுவரை ஒரு டீ குடியுங்கள். அன்றைக்கு அவர் அப்படிச் சொன்னதும் அவள் எழுந்துபோய் டீ போட்டு வந்தாள், இருவரும் மெஷினுக்கு ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து குடித்தார்கள். படி நான்கு, பின்னால் கீழே வாளி வைத்து, இடது பக்கப் பைப்பைக் கழற்றுங்கள். படி ஐந்து, அடைப்பை எடுத்துவிட்டு மாட்டுங்கள்.

அதைப் படித்தவர்கள் ஒருவரும் செய்து பார்த்ததில்லை என்பதுதான் அந்தப் பக்கத்தின் சிறப்பு. மெஷினை இழு என்ற இடத்திலேயே பயந்துபோய், கீழே இருக்கும் எண்ணுக்குப் போன் போட்டுவிடுவார்கள். குடும்பம் ஓடியது அந்தப் பயத்தில்தான்.

போன் ஊமையான அந்த நாட்களில், ஊரில் கிளை மேல் கிளையாகத் திறந்துகொண்டிருந்த ஒரு பெரிய சர்வீஸ் கம்பெனியின் மேலாளர் டாக்டரைத் தேடி வீட்டுக்கே வந்தார். உட்காரச் சொன்னதும் டாக்டரம்மாவின் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். வேலைக்கு வந்துவிடுங்கள் என்றார். சீருடை உண்டு, வண்டி உண்டு, மாதக் கடைசிக்குள் முடிவைச் சொன்னால் போதும். கால் சென்டரில் பெண்கள் போனை எடுப்பார்கள், வீட்டு விலாசம் செல்லில் வந்துவிடும். "நீங்க யார்கிட்டயும் பேச வேண்டியதே இல்ல சார்" என்று கடைசியாக ஒரு ஆசையும் காட்டினார். டாக்டருக்கு இதைவிடப் பெரிய சொர்க்கம் இருக்க முடியாது என்று டாக்டரம்மாவுக்குத் தெரியும். அவர் அவளைப் பார்த்தார். அவள் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவளுக்குப் பயமாக இருந்தது. சோற்றுக்கு இல்லாமல் போகும் என்ற பயம் இல்லை, சம்பளம் வரும். மறுபடியும் வாசலில் யாராவது வந்து, தன் முகத்தைப் பார்த்து, வீட்டில் யாரும் இல்லையா என்று கேட்பார்களே என்ற பயம்.

அந்த வாரம் பெரியக்கா போன் செய்தாள். டாக்டரம்மாவுக்கு மூத்தவள், பக்கத்துப் பேட்டையில் மாடி வீட்டில் இருக்கிறவள். தங்கை புருஷனைக் கூப்பிட்டால் ஓசியில் வேலை வாங்கியதாகப் பேர் வரும் என்று எதற்கும் கூப்பிடமாட்டாள். பக்கத்து வீட்டில் மெஷினிலிருந்து தண்ணீர் போகவில்லையாம், நெட்டில் கேட்டார்களாம், வரிசை வரிசையாகப் பக்கங்களைக் காட்டாமல் நெட்டே வாயைத் திறந்து பதில் சொல்லிவிட்டதாம்.

"அழகா படி படியா சொல்லுதுடி. நடுவுல பத்து நிமிஷம் டீ குடிக்கச் சொல்லுது பாரு, என்ன ஒரு கரிசனம்! உன் வீட்டுக்காரர் என்னைக்காவது யாரையாவது டீ குடிச்சீங்களான்னு கேட்டிருப்பாரா?"

டாக்டரம்மா அடுப்பில் பால் பொங்குகிறது என்றாள். மேலே பேசினால் அழுகை வரும், இல்லையென்றால் கெட்ட வார்த்தை வரும். போனை வைத்துவிட்டு, தம்பியைக் கூப்பிட்டு அவன் போனில் தேடிப் பார்க்கச் சொன்னாள். அவன் படித்துக் காட்டினான். ஐந்து படி. அவள் எழுதிய அதே ஐந்து படி, அட்சரம் பிசகாமல். கீழே கடுகு சைஸில் அவர்கள் வெப்சைட்டின் பெயர். அதைத் தொட்டு உள்ளே வர வேண்டிய அவசியம்தான் யாருக்கும் இல்லை. இப்போதுதான் வந்த புது அப்டேட், இனிமேல் தேடுபொறியே பக்கத்தைப் படித்துப் பதில் சொல்லிவிடும் என்றான் தம்பி. எத்தனையோ லட்சம் பக்கம் இருக்க அக்கா பக்கத்தை எடுத்துப் பேசுகிறதே, இது பெரிய கௌரவம் என்றான். கௌரவத்தை வைத்து நாக்கு வழிக்கலாம் என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

மூன்று நாள் கழித்துப் போன் அடித்தது.

ஒரு ஆண் குரல். வீடு முழுக்கத் தண்ணீர் என்றது. அவள் விலாசம் கேட்டு முடிப்பதற்குள் இன்னொரு அழைப்பு உள்ளே வந்து காத்திருந்தது. அங்கேயும் தண்ணீர். பழைய வாடிக்கையாளர்கள், அவர்கள் சொல்லி வந்தவர்கள், எங்கேயோ எண்ணைக் கிறுக்கி வைத்திருந்தவர்கள். சாயங்காலம்வரை அவளுக்கு உட்கார நேரமில்லை, உட்கார்ந்தேதான் இருந்தாள் என்றாலும். டாக்டர் வண்டியை நிறுத்தாமல் ஓடினார். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். தொண்டை கட்டிக்கொண்டது, வெந்நீர் குடித்துக்கொண்டே பேசினாள். "சொல்லுங்க, என்ன பிரச்சினை?" என்று கேட்கும்போது அந்தக் குரலில் ஒரு மிடுக்கு வந்திருந்தது. கம்பெனி மேலாளர் இரண்டு தடவை கூப்பிட்டார். லைன் பிஸியாக இருந்தது. இருக்கட்டும் என்று விட்டாள்.

ஒரு வாரம் போனபின், மத்தியானச் சாப்பாட்டின்போது டாக்டர் வாய் திறந்தார்.

"எல்லார் வீட்லயும் ஒரே மாதிரி. தண்ணி போற பைப்பை விட்டுட்டு, தண்ணி வர்ற பைப்பைக் கழட்டி வச்சிருக்காங்க. டேப்பையும் மூடல."

அவருக்கு அது ஒரு மாதப் பேச்சு. சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார். டாக்டரம்மாவுக்குக் கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை. எழுந்து கையைக் கழுவினாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, பின்னறைக்குக் கூட்டிப்போனாள். அங்கே நின்றிருந்த மெஷினுக்குப் பின்னால் அவரைக் குந்தச் சொன்னாள். அவளும் பழையபடி முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"இடது கையைத் தூக்குங்க" என்றாள்.

மெஷினுக்கு மேலே அவர் கை எழுந்தது. அவளுடைய வலது பக்கத்தில்.

விஷயம் இவ்வளவுதான். அவர் பின்னாலிருந்து அவருடைய இடதைச் சொன்னார், அவள் முன்னாலிருந்து அதை அப்படியே எழுதினாள். பின்னாலிருந்து எடுத்த படம் ஒன்று அந்தப் பக்கத்தில் இருந்தவரை சமாளித்துக்கொண்டிருந்தது. பக்கம் வேகமாகத் திறக்க வேண்டும் என்று அதையும் தூக்கியாயிற்று. டேப்பை மூடு என்று எழுதியிருந்தாலாவது வீடுகள் தப்பித்திருக்கும். ஆனால் அது டாக்டரின் கை தானாகச் செய்கிற வேலை, வாய் சொல்வதில்லை. வாய் சொல்லாததை அவள் எழுதவில்லை. இத்தனை வருஷம் யாரும் நான்காவது படிவரை போனதில்லை என்பதால் பிழை நிம்மதியாகத் தூங்கியது. பயமுறுத்தாமல் நல்ல குரலில் சொல்ல ஒன்று வந்ததும் ஊரே நான்காவது படிக்குப் போய்விட்டது.

அதை அவள் அன்றைக்கே திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. டாக்டரிடமும் சும்மாதான் தூக்கச் சொன்னேன் என்று சொல்லிவிட்டாள். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை, அவர் முகத்தில் எது தெரிந்தது, இது தெரிய. மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரை, அதுவரை மட்டும் போன் அடிக்கட்டும் என்று நினைத்தாள். மேலாளரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் திருத்திக்கொள்ளலாம். தண்ணீர்தானே, துடைத்தால் போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் போனை எடுக்கும்போது மிடுக்கு போய்விட்டிருந்தது. இன்னொன்றும் உறுத்தியது. கூப்பிட்ட ஒருவர்கூட நெட்டைத் திட்டவில்லை. எல்லோரும் தங்களையே திட்டிக்கொண்டார்கள். நான்தான் சரியாகப் படிக்கவில்லை போலிருக்கிறது, எனக்கு இதெல்லாம் வராது, வீட்டில் சொன்னார்கள் கேட்கவில்லை. ஒரு பெரியவர் இனிமேல் எதையும் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்வதுபோல் சொன்னார்.

பிறகு பெரியக்கா கூப்பிட்டாள். குரல் அவள் குரலாகவே இல்லை. அவள் வீட்டு மெஷினும் தண்ணீர் விடாமல் நின்றிருக்கிறது. தங்கை வீட்டைத் தொந்தரவு செய்வானேன் என்று அவளே உட்கார்ந்து, படி படியாக, டீகூடக் குடித்துவிட்டுச் செய்திருக்கிறாள். மர அலமாரி ஊறிவிட்டது, கீழ் வீட்டுக் கூரையில் சொட்டுகிறது, கீழ் வீட்டுக்காரி வந்து வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போயிருக்கிறாள்.

"எனக்கு வயசாயிடுச்சுடி. எது இடது, எது வலதுன்னே தெரியல. நெட்டு சரியாத்தான் சொல்லுச்சு, எனக்குத்தான் புத்தி மழுங்கிப் போச்சு."

பெரியக்கா யாரிடமும் தன் தப்பு என்று ஒப்புக்கொண்டு டாக்டரம்மா கேட்டதில்லை. பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. முதன்முதலாகக் கேட்பது செய்யாத தப்புக்காக இருக்க வேண்டுமா?  தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது என்று நேராகச் சொன்னாள். எழுதியது நான்தான் என்றாள். பெரியக்கா நம்பவில்லை. தன்னைத் தேற்றுவதற்காகத் தங்கை பொய் சொல்கிறாள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுதாள்.

டாக்டரைப் பெரியக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டாள். அவன் பதறினான். இப்போது கை வைக்காதே அக்கா, பிழைப்பு ஓடுகிறது, திருத்தினால் நாலைந்து நாளில் நெட் புதுசை எடுத்துக்கொள்ளும், அப்புறம் ஒரு ஈ காக்கை கூப்பிடாது என்றான். அவன் சொன்னது முழுக்க உண்மை. அவன் தொழில் தெரிந்தவன்.

டாக்டர் திரும்பி வந்தபோது பேன்ட் முழங்கால்வரை ஈரம். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தெரிந்தும் சும்மா இருந்ததையும் சொன்னாள். அவர் ஈரத் துணியோடு நின்று கேட்டார்.

"மாத்திடு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நான் சொன்னதைத்தானே நீ எழுதின" என்றார்.

அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள், அவர் பின்னால் நின்றுகொண்டார். முதலில் டேப்பை மூடுங்கள் என்று சேர்த்தாள். மெஷினுக்கு முன்னால் நின்று பார்த்தால் வலது பக்கம் என்று திருத்தினாள். மேலும் கீழும் படித்து, வேறு எதுவும் தப்பிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மூன்றாவது படி வந்தது.

"தண்ணி அடங்க நெஜமாவே பத்து நிமிஷம் ஆகுமா?"

"அரை நிமிஷம் போதும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் எதுக்குப் பத்து நிமிஷம்னு சொன்னீங்க?"

 கேட்டதே காதில் விழவில்லையோ என்று அவள் மறுபடி கேட்கப் போனாள்.

"நீ எதிர்ல உக்காந்திருந்த" என்றார் டாக்டர். "எழுதி முடிச்சா நீ எழுந்து போயிடுவியேன்னு டீ கேட்டேன்."

 டாக்டரம்மா அழிக்கும் பட்டன் மேல் கையை வைத்தாள், தப்பு தப்புதானே என்று. அவர் எட்டி அவள் கையை எடுத்துவிட்டார்.

"இது இருக்கட்டும். இதுல யார் வீடும் முழுகாது."

தம்பி சொன்னபடியே நடந்தது. நாலைந்து நாளில் ஊரில் வெள்ளம் வடிந்தது. போன் அடங்கியது. எல்லோரும் டேப்பை மூடி, வலது பக்கப் பைப்பைக் கழற்றி, அடைப்பை எடுத்து, சுகமாகத் துணி துவைத்துக்கொண்டார்கள். பெரியக்கா கூப்பிட்டு, நெட் தன் தப்பைத் தானே திருத்திக்கொண்டுவிட்டது, மனிதர்களுக்கு இந்தப் பெருந்தன்மை வருமா என்று வியந்தாள். டாக்டரம்மா வராது என்று சொல்லிவிட்டாள்.

மாதக் கடைசியில் மேலாளருக்குப் போன் போட்டு, டாக்டர் வேலைக்கு வருகிறார் என்று சொன்னது டாக்டரம்மாதான். டாக்டருக்குப் போன் பேச வராது, பாவம். தன் நாற்காலியைத் தானே காலி செய்கிற போனைத் தானே பேச வேண்டியிருந்தது, நன்றாகவே பேசினாள், கடைசியில் மேலாளர், "நல்லா பேசுறீங்க மேடம்" என்றார். வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குழாயை மூடிவிட்டு வந்து காய் நறுக்கினாள்.

நீலச் சீருடையில் டாக்டர் புது மாணவன் மாதிரி இருந்தார். விலாசம் செல்லில் வந்தது, அவர் போனார். தண்ணீர் போகாத மெஷின்களை ஊரார் தாங்களே பார்த்துக்கொண்டதால், பெல்ட் அறுந்தது, மோட்டார் புகைந்தது மாதிரியான பெரிய கோளாறுகள் அவருக்கு வந்தன. மேஜை, போன், கம்ப்யூட்டர் எல்லாம் முன்னறையில் அப்படியே இருந்தன. அவள் அவற்றைத் தினமும் துடைத்தாள். ஒரு நாள் வாசலில் கூரியர் கொண்டுவந்தவன் அவளைப் பார்த்து, வீட்டில் யாரும் இல்லையா என்று கேட்டான். "நான் இருக்கேன்ல, என்னைப் பார்த்தா ஆளாத் தெரியலையா?" என்றாள். அவன் மிரண்டுபோய்ப் பார்சலைக் கொடுத்துவிட்டு ஓடினான். அது ஒன்றுதான் அந்த வாரத்தில் அவள் சத்தமாகப் பேசியது.

மறுநாள் மத்தியானம் போன் அடித்தது. கடன் தருகிறோம் என்கிறவர்கள் என்று நினைத்து நான்காவது மணியில் எடுத்தாள்.

"சொல்லுங்க, என்ன பிரச்சினை?"

"இங்க டீ குடுத்திருக்காங்க" என்றார் டாக்டர்.

அவர் அவளுக்குப் போன் செய்ததே கிடையாது. எங்கேயிருந்து பேசுகிறார் என்று கேட்டாள். ஏதோ ஒரு வீடு, மெஷினுக்குப் பின்னால் இருக்கிறாராம். பிளக்கைப் பிடுங்கியதுமே அந்த வீட்டு அம்மாள், கொஞ்சம் பொறுங்கள், பத்து நிமிஷம் ஆகும், நெட்டில் போட்டிருக்கிறது என்று சொல்லி டீயைக் கொண்டுவந்து நீட்டிவிட்டாளாம். எந்தக் கோளாறானாலும் எல்லோரும் இதையே சொல்கிறார்களாம். வாடிக்கையாளர் வீட்டில் எதுவும் சாப்பிடக்கூடாது என்பது கம்பெனிச் சட்டம். இது சாப்பாடு இல்லை, வேலையில் ஒரு படி என்று மேலாளரிடம் சொல்லிவிட்டாராம். இவ்வளவையும் அவரே சொன்னார், அவள் இழுத்துப் பிடுங்காமல்.

"காலையிலேர்ந்து நாலாவது" என்றார்.

"நல்லா இருக்கா?"

அவர் யோசித்தார். "சக்கரை கம்மி."

அவள் செல்லைக் காதில் வைத்தபடியே போய், அடுப்பில் மிச்சமிருந்த டீயைச் சூடு செய்து டம்ளரில் ஊற்றி எடுத்துவந்து சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் அவர் உறிஞ்சும் சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் அவளும் குடித்தாள்.  தண்ணீர் அடங்கிவிட்டதா என்று நடுவில் ஒரு தடவை கேட்டாள். இன்னும் இல்லை என்றார்.